பிரவுனை எதில் தொடங்கலாம்: ‘வீலண்ட்’டா, ‘எட்கர் ஹன்ட்லி’யா?

பிலடெல்பியாவின் குவேக்கர் (ஒரு கிறித்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்த அமெரிக்க நாவலாசிரியர் சார்ல்ஸ் பிராக்டன் பிரவுன் (1771–1810), சட்டப் படிப்பை உதறிவிட்டு எழுத வந்தவர். காசநோயால் இறந்தபோது வயது 39. அவரைப் படிக்கத் தொடங்குபவர் தயங்குவது இந்த இரண்டு நாவல்களுக்கும் இடையில்தான்.

‘வீலண்ட்’ 1798இல் வந்தது. கடவுளின் குரல் கேட்டதாக நம்பி மனைவி மக்களைக் கொல்பவனின் கதையை அவன் தங்கை கிளாரா சொல்கிறாள். நியூயார்க் மாநிலத்தில் 1781இல் நடந்த ஒரு கொலையே இதற்கு வித்து. குரல் மாற்றிப் பேசும் கார்வின் மற்றக் குரல்களை ஒப்புக்கொள்கிறான், கொலைக்கு ஏவிய குரலை மறுக்கிறான். இந்த முடிச்சை அவிழ்க்காமல் விட்டதுதான் நாவலின் பலம். கடைசி அத்தியாயம் மட்டும் ஒட்டுப்போட்டதுபோல் துருத்தும். அதை வேகமாகக் கடக்கலாம்.

‘எட்கர் ஹன்ட்லி’ (1799) வழக்கமான திகில் நாவல்களின் கோட்டை, பேய் எல்லாம் விட்டு, தூக்கத்தில் நடப்பவர்களையும் பென்சில்வேனியக் காட்டையும் எடுத்துக்கொள்கிறது. இருட்டுக் குகையில் நாயகன் கண்விழிக்கும் இடம் அபாரம். ஆனால் அதற்குப் பாதி நூலைக் கடக்க வேண்டும். நடுவில், தூக்கத்தில் நடப்பவர்களில் ஒருவனான கிளிதரோவின் நீண்ட தன்கதை வேறு. பூர்வகுடிகளைக் காட்டும் விதமும் இன்று உறுத்தும்.

முதலில் ‘வீலண்ட்’. கார்வின் பிடித்துப்போனால் அவனது முன்கதையும் உண்டு, முடிவுறாமல்.