கிரகரி வாவியா, ஓஷினென் ஏரியா? வெள்ளவத்தைக் காலுக்கு எது சரி

சுவிஸில் ஒரு மலை ஏரியைச் சுற்றி ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தரமாவது சொல்லாத ஆள் கொழும்பு மரைன் டிரைவ் ஓட்டக்காரரில் குறைவு. பாதிப் பேருக்கு அங்கே ஒரு அக்காவோ சித்தப்பாவோ இருப்பார்; மிச்சப் பேருக்கு இன்ஸ்டாகிராம் இருக்கிறது. எனக்கு இரண்டும் இருந்தது. பேர்ணில் அக்கா வீட்டில் இரண்டு கோடை நின்று ஓடியிருக்கிறேன். நுவரெலியாவுக்குப் போனது கணக்கில்லை. காசும் லீவும் எண்ணிச் செலவழிக்கிற ஒருவருக்கு எது சரி என்பதுதான் கேள்வி.

முதலில் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். சுவிஸின் சென் மொரிட்ஸ் ஏரி 1,768. அங்கேயே, படங்களில் பார்த்து வாயைப் பிளக்கிற ஓஷினென் ஏரி வெறும் 1,578. அதாவது நுவரெலியாவில் ஸ்வான் படகும் சோளப்பொரியுமாகக் கிடக்கிற எங்கள் கிரகரி வாவிதான் மூன்றிலும் மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் நாள் மூச்சு வாங்குவது அதனால்தான். உயரத்துக்காக மட்டும் விசாவுக்கு அலையத் தேவையில்லை.

பிறகு ஏன் அது அல்ப்ஸ் மாதிரி இல்லை? மரம்தான் காரணம். அல்ப்ஸில் 2,000 மீற்றரைத் தாண்டி எங்கோ ஒரு கோடு கீறியது போல மரம் நின்றுவிடும். அதற்கு மேலே புல், கல், பனி. நாங்கள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 2,524 மீற்றர் பிதுருதலாகலையின் உச்சி வரைக்கும் காடு ஏறிப் போகிறது. மொட்டைப் பாறையும் பனியும் தேடுகிறவருக்கு இலங்கையில் இடமே இல்லை.

கிரகரி வாவி இயற்கை ஏரியும் இல்லை. பிதுருதலாகலையிலிருந்து வருகிற ஓடையை மறித்து ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் கட்டத் தொடங்கியது. கரையோரப் பாதை ஓடச் சுகம், ஆனால் அது ட்ரெயில், அதாவது மண்ணும் கல்லுமான மலைப்பாதை, இல்லை. குளிர் போட்ட காலி முகத்திடல். ஆறு மணிக்கு முன் போனால் மூடுபனியும் நீங்களும் மட்டும். ஒன்பது மணிக்குச் சவாரிக் குதிரைகளும் அவற்றின் இலத்தியும். ஏப்ரல் சீசனில் ஓடவே நினைக்காதீர்கள்.

உண்மையான ஓட்டம் வாவிக்கு மேலே, தேயிலைக்குள் இருக்கிறது. கொழுந்து எடுக்கிறவர்கள் ஏறி இறங்கித் தேய்த்த குறுக்குப் பாதைகள் ஒரு கால் வைக்கிற அகலம்தான். மழைக்குப் பிறகு சவர்க்காரம் பூசியது மாதிரி வழுக்கும், அட்டையும் இலவசம். ஒருநாள் காலை சாந்திபுரப் பக்கம் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே கூடையோடு இறங்கி வந்த அம்மா ஒருவர் ஒதுங்கி நின்று, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, நாய் தொரத்துதா?” என்றார். இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். “சும்மாவா!” அந்தச் செங்குத்தில் செருப்போடு அவர் இறங்கிய வேகத்தில் எனக்கு இன்றைக்கும் இறங்க வராது. இதை ஞாபகம் வையுங்கள், பிறகு வருகிறேன். நீள ஓட்டம் வேண்டியவர்கள் பீக்கோ ட்ரெயிலைப் பார்க்கலாம்: 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, கண்டிப் பக்கம் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது.

ஹோர்ட்டன் சமவெளியையும் சிலர் சொல்வார்கள். 2,100 மீற்றருக்கு மேலே, ஒன்பது கிலோமீற்றர் சுற்று, புல்வெளியில் மரை நிற்கும். இடம் அருமை. ஆனால் அது தேசியப் பூங்கா. வாசலில் தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். ‘உலக முடிவு’ என்கிற செங்குத்து மலை விளிம்பைப் பார்க்க வந்த சனத்துக்கு நடுவே ஒற்றைப் பாதையில் இடித்துக்கொண்டு ஓடுவது அழகில்லை. அங்கே நான் நடப்பேன்.

சென் மொரிட்ஸ் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. ஏரியைச் சுற்றும் பாதை தட்டையானது, ஐந்து கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். காட்டுக்குள் ஸ்டாட்ஸ் குளம் வரைக்கும் நீட்டினால் நல்ல ஓட்டம். நேரம் பார்த்து ஓட விரும்புகிற வீதி ஓட்டக்காரருக்கு அதுவே சரி. காலையிலேயே முடித்துவிடுங்கள், பின்னேரம் மலோயாக் கணவாய்ப் பக்கத்துக் காற்று முகத்தில் அறையும். பேர்ணிலிருந்து ரயிலில் நாலு மணித்தியாலத்துக்கு மேல். விலைவாசியைப் பற்றிக் கதைக்காமல் விடுவோம்.

ஓஷினென் வேறு கதை. அதன் அடிவார ஊர் கண்டர்ஸ்டெக், பேர்ணிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஊர் 1,176 மீற்றரில், ஏரி அதற்கு 400 மீற்றர் மேலே. கேபிள் கார் உண்டு. கால் இருக்கிறவர் நடந்தே ஏறலாம். முன்னொரு காலத்தில் சரிந்த மலை பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி. தண்ணீர் வெளியேற வாய்க்கால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நிலத்துக்கு அடியால் கசிந்து போகிறது. புளூம்லிசால்ப் பனியாறுகள் அரைத்து அனுப்புகிற கல்மாவினால்தான் அந்தப் பச்சை கலந்த நீலம்.

ஆனால் “ஏரியைச் சுற்றி” ஓட முடியாது. தெற்குக் கரை செங்குத்துப் பாறை. ஓடக்கூடியது வடக்குப் பக்கம் மேலே ஏறி, ஹொய்பெர்க் வழியாக 1,900 மீற்றர் மட்டத்தில் போய், ஓபர்பெர்க்லியிலிருந்து கரைக்கு இறங்கி வருகிற சுற்று. ஜூனுக்கு முன் பனி கிடக்கும். கல் விழும் ஆபத்தால் சில பாதைகளை மூடியும் வைப்பார்கள், போகும் நாளில் கேட்டுவிட்டுப் போங்கள். மஞ்சள் கைகாட்டிகளில் தூரம் இருக்காது, நடக்கிற நேரம்தான் இருக்கும். ஜி.பி.எஸ். மணிக்கூட்டைத் தடவிக்கொண்டு நின்ற எனக்கு முதலில் எரிச்சல், பிறகு புரிந்தது: அங்கே கிலோமீற்றருக்கு அர்த்தமில்லை. கைகாட்டியின் நுனியில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை பூசியிருந்தால் அது மலைப்பாதை. அடி வைக்கத் தெரிய வேண்டும்.

எனக்குத் தெரியவில்லை. ஏற்றத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. உயரம், மூச்சு என்று மாதக்கணக்காகப் பயந்ததெல்லாம் அரை மணித்தியாலத்தில் பழகிவிட்டது. ஓபர்பெர்க்லிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் தொடை நடுங்கியது. கல்லில் கால் வைத்தால் முழங்கால் தானாக மடிந்தது. கடைசியில் குந்திக் குந்தி இறங்கினேன். பின்னால் வந்த எழுபது வயதுத் தம்பதி வணக்கம் சொல்லிக் கடந்து போனார்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அக்கா வீட்டுக் குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டபடியே பாரம் தாங்க வேண்டும். கொழும்புக் கால்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. எங்களுக்கு மலை என்றால் தெகிவளை மேம்பாலம்தான்.

ஆகவே என் தீர்ப்பு: ஓஷினென்தான் நான்கிலும் முதல், போட்டியே இல்லை. ஆனால் நேரே கட்டுநாயக்காவிலிருந்து அங்கே போகாதீர்கள். அதற்கு முன் மூன்று நாலு வார இறுதிகளை நுவரெலியாத் தேயிலைக்குள் செலவழியுங்கள், வாவிக் கரையில் இல்லை. ஏறுவதை மறந்துவிட்டு அந்தக் கூடை அம்மா மாதிரி இறங்கப் பழகுங்கள்: குட்டி அடி, பார்வை மூன்று கல் முன்னால், குதிக்காலைக் குத்தாமல். சப்பாத்துக்கு அடிப் பல் ஆழமாக இருக்கட்டும். வீதிச் சோடி அங்கே உதவாது. சுவிஸ் வாய்ப்பே இல்லாதவர் பெரிதாகக் கவலைப்படவும் வேண்டாம். பனியும் பாறையும் தவிர மிச்சமெல்லாம் ஆறு மணித்தியால பஸ் தூரத்தில் இருக்கிறது.

அடுத்த ஆடியில் அக்கா திரும்பக் கூப்பிட்டிருக்கிறா. இப்போது எங்கள் தொடர்மாடியில் ஒன்பதாம் மாடிக்கு லிஃப்டில் ஏறி, படியால் இறங்குகிறேன், ஒரு காலைக்குப் பத்துத் தரம். வாசல் காவல்கார ஐயா இரண்டு கிழமை பொறுமையாகப் பார்த்துவிட்டு, போன திங்கள் கேட்டார்: “தம்பி, லிஃப்ட் மேலதான் போகுதா, கீழ வரேல்லையா?”