ஜென்டூ, டெபியன், ஆர்ச்: நாம் போட்ட ஆப்ஷன் எதில் நிலைக்கும்?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி லினக்ஸ் போடும் நம் ஊர்ப் பசங்க கேட்பார்கள்: "அண்ணா, நமக்கு வேண்டிய ஆப்ஷனோட சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ண எந்த டிஸ்ட்ரோ நல்லது?" டிஸ்ட்ரோ என்றால் லினக்ஸின் ஒரு தொகுப்பு; சோர்ஸ் என்றால் மூல நிரல், அதை ஓடும் புரோகிராமாக மாற்றுவதுதான் கம்பைல். ஜென்டூ, டெபியன், ஆர்ச் என்ற மூன்று டிஸ்ட்ரோக்களிலும் இதைப் பண்ணலாம். அடுத்த அப்டேட்டிலும் அந்த ஆப்ஷன் நிலைக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

வீடியோ, ஆடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் ஆடியோவை ஏஏசி வடிவில் சுருக்கும் எஃப்டிகே ஏஏசி என்கோடர் வேண்டும். அதன் லைசென்ஸ் ஜிபிஎல் என்ற திறமூல லைசென்ஸோடு ஒத்துப்போகாது, அதனால் டெபியன் தரும் பேக்கேஜில் அது இருக்காது. நாமேதான் கட்ட, அதாவது கம்பைல் செய்ய வேண்டும்.

டெபியனில் சோர்ஸை இறக்கி, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ரூல்ஸ் ஃபைலில் கான்ஃபிகர் வரியைத் திருத்திக் கட்டலாம். முதல் தடவை சுலபம். அப்புறம் செக்யூரிட்டி அப்டேட் வந்தால் நம்முடையதை அது மாற்றிவிடும். பேக்கேஜ் அப்டேட் ஆகாதபடி ஹோல்டு போட்டு வைத்தாலோ, அந்தப் பாதுகாப்புத் திருத்தமே வந்து சேராது. ஒவ்வொரு முறையும் நாமே திரும்பக் கட்டியாக வேண்டும்.

ஆர்ச்சில் பேக்கேஜைக் கட்டும் வழியைச் சொல்லும் பிகேஜிபில்ட் படிக்கவே இதமானது, ஒரே ஃபைலில் எல்லாம் தெரியும். ஆனால் பராமரிப்புத் தொல்லை இங்கேயும் அதேதான்.

ஜென்டூவில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் நமக்கு வேண்டிய ஆப்ஷனை (யூஸ் ஃப்ளாக் என்பார்கள்) பேக்கேஜ்.யூஸ் ஃபைலில் எழுதலாம்; அங்கே எஃப்எஃப்எம்பெக்குக்கு நேரே எஃப்டிகே என்று ஒரு வரி. லைசென்ஸை ஏற்கச் சொல்லிக் கேட்டால் அதற்கும் ஒரு வரி. அடுத்தடுத்த வெர்ஷன்களையும் ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜ் எஃப்டிகே வரியைப் பார்த்தே கட்டும். ஒரு மென்பொருளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுக்கு இப்படி மதிப்புத் தரும் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பழைய லேப்டாப் தாங்குமா? 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே பைனரி பேக்கேஜ்களும், அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்தவையும், தருகிறது. அந்த வசதியை இயக்கிவிட்டால், நம் யூஸ் ஃப்ளாக்கோடு பொருந்துபவை பைனரியாகவே இறங்கும், நாம் மாற்றியவை மட்டும் கம்பைல் ஆகும். அதற்கும் ஒரு ஜாபுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல் வேலைகளில் ஒன்றுக்கு) 2 ஜிபி ரேம் என்று கணக்கு வையுங்கள். 8 ஜிபி மெஷினில் நான்கு ஜாபுக்கு மேல் வேண்டாம்.

ஒரே ஒரு பேக்கேஜைத்தான் மாற்ற வேண்டும் என்றால் டெபியனிலேயே இருங்கள். நாலைந்து என்றால் ஜென்டூதான். ஒன்று மட்டும் கவனம்: நடுவில் கரன்ட் போனால், போர்ட்டேஜின் எமர்ஜ் ரெஸ்யூம் கமாண்ட் மீதிப் பட்டியலைத் தொடரும், ஆனால் பாதியில் நின்ற பேக்கேஜை முதலிலிருந்துதான் கட்டும். பேட்டரி போன லேப்டாப் என்றால், பெரிய பேக்கேஜ்களை யூபிஎஸ் இருக்கும் இடத்தில் ஓட்டுங்கள்.