மூக்கு அறுவை சிகிச்சை: பிளஸ் டூ லீவிலா, பட்டம் முடித்த பிறகா?

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிகிறது. கல்லூரி திறக்க மூன்று மாதம் இருக்கிறது. "இந்த லீவுலயே மூக்கைச் சரி பண்ணிடலாமா?" என்ற பேச்சு கடலூர், புதுச்சேரி வீடுகளில் கிளம்புவது இந்த இடைவெளியில்தான். வயது 17, 18 ஆகிவிட்டது, படிப்பு கெடாது, புதுக் கல்லூரியில் பழைய முகம் யாருக்கும் தெரியாது. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு வழி, பட்டம் முடித்து 21 முதல் 25 வயதுக்குள் செய்துகொள்வது. இரண்டில் இரண்டாவதுதான் நல்லது என்பது இந்தக் கட்டுரையின் பக்கம். முதலாவது சரியாக வரும் ஆட்களும் உண்டு, அவர்கள் யார் என்பதும் கீழே இருக்கிறது.

இங்கே பேசுவது மூக்கின் உருவத்தை மாற்றும் ரைனோபிளாஸ்டி பற்றி. மூச்சடைப்புக்காக இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டை மட்டும் நேராக்கும் செப்டோபிளாஸ்டி வேறு கணக்கு. அதையும் பெரும்பாலும் 16, 17 வயது வரை தள்ளிவைப்பார்கள். ஆனால் வாயால் மட்டுமே மூச்சுவிடும் அளவுக்கு அடைப்பு இருந்தால் அதற்கு முன்பே, கை வைக்கும் இடத்தைக் குறைத்துக்கொண்டு செய்வதும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு மூக்கடைப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது அலர்ஜியையும் மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதையையும்தான். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால் அதனாலேயே அடைப்பு கூடும்.

எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. கபடியில் முழங்கை பட்டோ சைக்கிளிலிருந்து விழுந்தோ அடிபட்ட பிள்ளைக்கு இரண்டு பக்கமும் திடீரென்று அடைத்து, உள்ளே நடுத்தண்டு சிவந்தோ ஊதாவாகவோ மெத்தென்று உப்பியிருந்தால், அங்கே ரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போய் வடிக்க வேண்டும். மூன்று நான்கு நாள் விட்டால் குருத்தெலும்பு செத்து, மூக்கு நடுவில் குழிவிழுந்துவிடும். எலும்பு விலகியிருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குள்ளும் பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் நிமிர்த்திவிட வேண்டும்; அதன் பிறகு கூடிய எலும்பை மறுபடி உடைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

வளர்ச்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்குப் பொதுவாக 15, 16 வயதிலும் ஆண்களுக்கு 17, 18 வயதிலும் மூக்கு வளர்ந்து முடிகிறது. ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வருடமாக உயரமும் செருப்பு அளவும் மாறாமல் இருந்தால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பெண்களுக்குப் பூப்பெய்தி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இந்தக் கணக்கில் மட்டும் பார்த்தால் பிளஸ் டூ லீவே போதும். சிக்கல் வளர்ச்சியில் இல்லை, வீக்கத்தில் இருக்கிறது.

அறுவை முடிந்து ஏழாம் நாள், மூக்கை அசையாமல் பிடிக்கும் வெளி ஸ்பிளிண்டையும் தையலையும் எடுப்பார்கள். கண்ணடியில் கருநீலம் இரண்டு வாரத்தில் போகும். அதைப் பார்த்துவிட்டு "முடிந்தது" என்று நினைப்பதுதான் லீவுக் கணக்கின் ஓட்டை. மூக்கின் மேல்பகுதி எலும்பு. அங்கே இருக்கும் மேட்டைச் சீவினால் மூன்று மாதத்தில் ஏறக்குறைய இறுதி உருவம் தெரிந்துவிடும். கீழ்ப்பகுதி குருத்தெலும்பும் தோலும். நம் பக்கத்தில் அதிகம் பேர் கேட்பது நுனியைச் சின்னதாக்குவதும் அகலமான மூக்குமடலைக் குறுக்குவதும்தான். நுனித் தோல் தடித்து, எண்ணெய் வழிகிற தோலாகவும் இருந்தால் அந்த வீக்கம் வடிய ஒரு வருடம் ஆகும், ஒன்றரை வருடமும் ஆகலாம். இடையில் நுனி முன்பைவிடப் பெரிதாகவே தெரியலாம். காலையில் உப்பும், சாயங்காலம் இறங்கும்.

அந்த ஒரு வருடம் சும்மா இருக்கிற வருடமும் இல்லை. முதல் சில வாரம் இரவில் பிளாஸ்திரி ஒட்டிப் படுக்க வேண்டும். இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று காட்டப் போக வேண்டும். நுனி வீக்கம் கட்டிப்பட்டுப்போனால் டாக்டர் மிகக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு ஊசி, வாரக்கணக்கில் இடைவெளிவிட்டுப் போடுவார்; அளவு கூடினால் தோல் மெலிந்து பள்ளமாகும். ஆகவே அதைச் செய்ய வேண்டியது கத்தி வைத்த அதே கை. இப்போது நினைத்துப் பாருங்கள்: ஏப்ரலில் புதுச்சேரியில் அறுவை, ஜூலையில் பிள்ளை கோயம்புத்தூர் ஹாஸ்டலில். மூன்றாம் மாதம் காட்டுவதற்குள் செமஸ்டர் ஆரம்பித்துவிடும். வீங்கிய மூக்கோடுதான் புது நண்பர்களுக்கு அறிமுகம். கேலி வேறு. பாதி வடிந்த மூக்கைப் பார்த்து "கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டி, வேறு ஊரில் வேறு டாக்டரிடம் மறு அறுவைக்குப் போவது இந்த வயதில்தான் நடக்கிறது. முதல் அறுவை முடிந்து ஒரு வருடமாவது ஆகாமல் மறு அறுவைக்குக் கை வைக்கக் கூடாது.

மறு அறுவை அவ்வளவு அபூர்வமும் இல்லை. நூறு பேரில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை தேவைப்படுவதாகச் சொல்வார்கள். அப்போதுதான் குருத்தெலும்பின் அருமை தெரியும். நுனியைத் தாங்கிப்பிடிக்க ஒட்டுவது நடுத்தண்டிலிருந்து எடுக்கும் துண்டை. அதன் மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் தலா ஒரு சென்டிமீட்டராவது விட்டுவிட்டுத்தான் எடுக்க முடியும், இல்லையென்றால் மூக்கு சரியும். ஒரு தடவை எடுத்தால் அந்தக் கையிருப்பு ஏறக்குறையக் காலி. இரண்டாம் தடவை காதுக் குருத்தெலும்பிலிருந்தோ விலாக் குருத்தெலும்பிலிருந்தோதான். பதினெட்டு வயதில், இன்னும் எந்த உருவம் வேண்டும் என்றே உறுதியாகாத மனதோடு, இருப்பதைச் செலவழிப்பது எதற்கு?

21க்கு மேல் என்றால் ஆள் சொந்தமாக முடிவெடுப்பார், செலவில் பங்கு இருக்கும், மூன்று நான்கு வருடமாகியும் அதே ஆசை மாறாமல் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வேலை உள்ளூரிலோ சென்னையிலோ இருந்தால் மாதம் ஒரு தடவை வந்துபோவது பெரிய காரியமில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அதனால் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு வருடம் போய்வரத் தோதான ஊரில் பாருங்கள். சலுகை விலைக்காக எங்கோ போய்ச் செய்துகொள்வது முதல் மூன்று மாதத்துக்குத்தான் மிச்சம்.

இந்த வயதில் ஒரு கண்ணி உண்டு: கல்யாணம். தை முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு ஐப்பசியில் மூக்கைச் செய்வது தவறு. போட்டோவில் ஒரு மூக்கும் மணவறையில் வேறு மூக்குமாக இருக்கும். வரன் பார்க்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு முழு வருடம் ஒதுக்குங்கள்.

மாதமும் முக்கியம். கத்திரி வெயிலில் வியர்வையில் பிளாஸ்திரி நிற்காது, மடலோரத் தழும்பு கறுத்துவிடும். பிளஸ் டூ லீவு சரியாக அங்கேதான் விழுகிறது. கார்த்திகையில் புயல் பயம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்த போது புதுச்சேரியில் வண்டி ஓட்டவே வழியில்லை. முதல் பத்து நாளில் ரத்தம் கசிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடிய வேண்டும். மாசியோ ஆவணியோ தேவலை.

லீவிலேயே செய்துகொள்ளலாம் என்பவர்கள்: எலும்பு மேடு மட்டும்தான் குறை, தோல் மெல்லியது, கல்லூரி உள்ளூரிலேயே, கூடவே மூச்சடைப்பும் இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை. உதட்டுப் பிளவோடு பிறந்தவர்களுக்கும் மூக்கின் இறுதி அறுவை வளர்ச்சி முடிந்ததும் நடப்பதுதான் வழக்கம். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையிலிருந்தே பார்த்துவந்த குழு சொல்லும் வயதே அவர்களுக்கு வயது.

நாற்பதுக்கு மேல் செய்ய முடியாது என்றில்லை. தோல் மெலிவதால் உள்ளே வைத்த ஒட்டின் விளிம்பு வெளியே தெரியலாம், விலாக் குருத்தெலும்பு இறுகிப்போயிருக்கும், சர்க்கரையும் பி.பி.யும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

எந்த வயதானாலும் வீட்டு வேலை ஒன்றுதான். இரண்டு வாரம் தலையை உயர்த்திப் படுக்கை, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மிளகாய் தாளிக்கும் நேரத்தில் சமையலறைப் பக்கம் போகாதீர்கள். எலும்பை வெட்டியிருந்தால் ஆறு வாரம் மூக்குக்கண்ணாடி மூக்கில் உட்காரக் கூடாது. கண்ணாடி இல்லாமல் முடியாதவர்கள் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டித் தொங்கவிடுவார்கள். முகத்தை அழுத்தும் ஹெல்மெட்டும் அதுவரை ஆகாது, அதனால் டூ வீலரையும் விட்டுவிடுங்கள். மூக்குத்தியை அறுவைக்கு முதல்நாளே கழற்ற வேண்டும். எப்போது திரும்பப் போடலாம் என்பதை மடலில் தையல் போட்டார்களா என்பதைப் பொறுத்து டாக்டர் சொல்வார். துளை தூர்ந்துபோனால் புதிதாகக் குத்துவதை ஒரு வருடம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.