எம்ஜிபி மின்கோளாறு: டெஸ்ட் லாம்ப்பா, மல்டிமீட்டரா?

உங்கள் எம்ஜிபியில் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இண்டிகேட்டர், வைப்பர், பிரேக் விளக்கு மூன்றும் ஒன்றாகச் செத்ததா? பச்சை ஒயர்களின் ஃபியூஸில் தொடங்குங்கள். சாவியைத் திருப்பி, டெஸ்ட் லாம்ப்பின் (ஒயரும் முனையும் கொண்ட சோதனை பல்பு) ஒயரை வண்டியின் உலோக உடலில் மாட்டி, முனையை ஃபியூஸின் இரு முனையிலும் மாறி மாறி வையுங்கள். வெள்ளை ஒயர் பக்கம் எரிந்து பச்சைப் பக்கம் எரியாவிட்டால் ஃபியூஸோ அதன் பிடிப்போ போய்விட்டது.

இதற்கு லாம்ப்தான் மேல். 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். மோசமாகத் துருப்பிடித்த புல்லட் கனெக்டரில் (ஒயர்களை இணைக்கும் செருகி) மங்கிக் காட்டிக்கொடுக்கும். மல்டிமீட்டர் ஏறக்குறைய எதையும் இழுக்காது. சுமை இல்லாமல் அளந்தால் அங்கேயும் 12 வோல்ட் என்று ஏமாற்றும். (எல்இடி லாம்ப்பும் அப்படித்தான், வாங்காதீர்கள்.)

எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) கோளாறுக்கு மட்டும் மீட்டர் வேண்டும். விளக்கை எரியவிட்டு, பல்பு ஹோல்டருக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கறுப்பு ஒயர் இணைப்பைக் கழற்றிச் சுரண்டுங்கள். 1967-க்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். மைனஸ் குறி வந்தால் பதற வேண்டாம்.