மெடிக்கல் ரெக்கார்டு பட்டமா, கோடிங் சான்றிதழா?

ஜூன் மாதம் பிறந்தால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ, "சார், பாராமெடிக்கல் லிஸ்ட்ல மெடிக்கல் ரெக்கார்டுன்னு ஒரு கோர்ஸ் இருக்கே, சேர்க்கலாமா?" என்பார்கள். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கும் பெண், "அண்ணா, மெடிக்கல் கோடிங் போகட்டுமா? நாலு மாசத்துல வேலைன்னு சொல்றாங்க" என்பாள்.

இரண்டும் ஒரே துறைக்குள் போகிற வழிகள்தான். துறையின் பெயர் சுகாதாரத் தகவல் மேலாண்மை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இதற்கென்று தனிப் பிரிவு ஒதுக்கி, மருத்துவப் பதிவேடு பார்ப்பவரையும், டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றும் கோடரையும் அதில் ஒன்றாகவே உட்கார வைத்திருக்கிறது. சட்டத்தில்தான் ஒன்று. வேலையில் இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்க்க, ஓர் உடைந்த மணிக்கட்டை எடுத்துக்கொள்வோம்.

பாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார். நம் ஊர்ப் பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய கேஸ் ஷீட் எம்ஆர்டிக்கு, அதாவது மெடிக்கல் ரெக்கார்டு பிரிவுக்கு, இறங்கி வருகிறது. எங்கள் வேலை அப்போதுதான் தொடங்கும். பக்கங்கள் வரிசையில் இருக்கின்றனவா, சம்மதப் படிவத்தில் கையெழுத்து உண்டா, மயக்க மருந்து நோட் எங்கே, டிஸ்சார்ஜ் சம்மரியில் "வலது" என்றிருப்பது ஆபரேஷன் நோட்டில் "இடது" என்று மாறியிருக்கிறதா? (சிரிக்காதீர்கள், மாறும்.) குறை இருந்தால் வார்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சர்ஜனைத் துரத்திக் கையெழுத்து வாங்குவது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத தனிக் கலை.

பிறகு நோய்க்குறியீடு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இந்த முறிவுக்கு எஸ்52.5. நான்கு எழுத்தில் வேலை முடிந்தது. அடுத்து அடுக்குவது. பாட்டியின் எண் 247138 என்றால் 24-ஆம் அலமாரிக்குப் போகக் கூடாது. கடைசி இரண்டு இலக்கமான 38-க்குப் போய், அதற்குள் 71-ஐப் பிடித்து, அதற்குள் 24-ஐத் தேட வேண்டும். நேர் வரிசையில் அடுக்கினால் புதுக் கோப்பு எல்லாம் கடைசி அலமாரியில் குவியும், அந்த ஒரே இடத்தில் நான்கு பேர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசி இலக்கப்படி அடுக்கினால் நூறு பகுதிகளும் சமமாக வளரும். முதல் நாள் இதைக் கேட்டு விழிக்காத மாணவரை நான் பார்த்ததில்லை.

ஆறு மாதம் கழித்து மருமகளின் தம்பி வந்து கேஸ் ஷீட் நகல் கேட்கிறார். கொடுக்கலாமா? பாட்டி கையெழுத்திட்ட அங்கீகாரக் கடிதம் இல்லாமல் கூடாது. பாட்டியே கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. எம்எல்சி, அதாவது போலீஸ், கோர்ட் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் கதையே வேறு. கோர்ட் சம்மன் வரும் நாளில் அந்தக் கோப்பு கையில் இருந்தாக வேண்டும்.

இப்போது கோடிங். அதே மணிக்கட்டு, ஆனால் அமெரிக்கப் பாட்டி. இன்சூரன்ஸுக்கு பில் போடுவதற்காக அவருடைய சார்ட், அதாவது சிகிச்சைக் குறிப்புகள், சென்னையில் ஒரு கோடரின் திரைக்கு வருகிறது. அங்கே எஸ்52.5 போதாது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் என்ற தன் சொந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறது. அதில் குறியீடுகள் 70,000-க்கும் மேல். வலது கை, மூடிய முறிவு, முதல் கட்ட சிகிச்சை என்றால் எஸ்52.501ஏ. இடது கை என்றால் எஸ்52.502ஏ. ஆறி வரும்போது மறுபடி காட்ட வந்தால் கடைசி எழுத்து டி ஆகிவிடும். செய்த சிகிச்சைக்கு சிபிடி என்ற இன்னொரு புத்தகம்: எலும்பை வெளியிலிருந்தே இழுத்துச் சரிப்படுத்தினால் 25605, அப்படிச் செய்யாமல் கட்டு மட்டும் போட்டால் 25600. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே பணம் இருக்கிறது. அதனால்தான் இந்த வேலையே இருக்கிறது. எந்தக் கை என்று டாக்டர் எழுதாமல் விட்டால் எஸ்52.509ஏ போடலாம், ஆனால் இன்சூரன்ஸ்காரர் முகம் சுளிப்பார். கோடர் பாட்டியைப் பார்ப்பதில்லை, டாக்டரைப் பார்ப்பதில்லை, கோப்பு பிறகு எங்கே போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட். பல இடங்களில் நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும் என்று ஆடிட்.

படிப்புக்கு வருவோம். வேலூர் சிஎம்சி, மணிப்பால் போன்ற இடங்களில் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. இன்டர்ன்ஷிப் சேர்த்து மூன்று, நான்கு வருடம் ஆகும். உடற்கூறியல், நோயியல், மருத்துவச் சொற்கள், புள்ளிவிவரம், சட்டம், கம்ப்யூட்டர், குறியீடு எல்லாம் வரும். பாடத்தைவிட முக்கியம், பின்னால் எவ்வளவு பெரிய மருத்துவமனை இருக்கிறது என்பது. தினம் சில நூறு டிஸ்சார்ஜ் பார்க்கும் எம்ஆர்டியில் பழகினவருக்கும், காகிதத்தில் மட்டும் மருத்துவமனை இருக்கும் கல்லூரியில் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் இன்டர்வியூவில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இணைந்த மருத்துவமனை சின்னது என்றால் அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள்.

கோடிங்குக்கு மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சி, அப்புறம் பெரும்பாலோர் எழுதுவது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பின் சிபிசி தேர்வு. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் வாங்கினால் பாஸ். குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதலாம் என்றதும் பலர் லேசாக நினைக்கிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. புத்தகம் புரட்டத் தெரியாதவர் அறுபதாவது கேள்வியிலேயே நேரத்தைத் தொலைத்துவிடுவார். பாஸ் செய்தாலும் அனுபவம் சேரும் வரை பெயருக்குப் பின்னால் "அப்ரெண்டிஸ்" என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கும். சான்றிதழ் உயிரோடு இருக்க இரண்டு வருடத்துக்கு 36 கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், உறுப்பினர் கட்டணமும் கட்ட வேண்டும். ஐசிடி-10-சிஎம் ஒவ்வொரு அக்டோபரிலும், சிபிடி ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். புத்தகச் செலவை இன்ஸ்டிட்யூட் விளம்பரம் சொல்லாது.

விளம்பரம் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். என் சித்தி மகள் ஒரு பயிற்சி நிலையத்தில் "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்ற போர்டை நம்பி நகையை அடகு வைத்துச் சேர்ந்தாள். பிளேஸ்மென்ட் வந்தது, உண்மைதான். இரவு ஷிப்டில் அமெரிக்க இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு போன் போட்டு "பாக்கி எப்போது வரும்" என்று கேட்கும் ஏஆர் காலர் வேலை! கோடிங் பெரும்பாலும் பகல் வேலை, இது வேறு. ஃப்ரெஷர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. முதலில் அவற்றைத் தட்டிப் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கையை விட்டு விடாதீர்கள்.

சம்பளத்தில் ஆரம்ப வருடங்களில் கோடிங்தான் முந்தும். எம்ஆர்டியில் முதல் சம்பளத்தைச் சொன்னால் வீட்டில் திட்டுவார்கள். போதாக்குறைக்கு ஒரு மருத்துவமனைக்கு ஒரு மெடிக்கல் ரெக்கார்டு ஆபீசர்தான். அவர் ஓய்வு பெறும் வரை நாற்காலி காலியாகாது. ஆனால் பட்டம் இருந்தால் பக்கவாட்டில் நகரலாம். மருத்துவமனைகளுக்கான என்ஏபிஹெச் தரச்சான்று வேலை, இன்சூரன்ஸ் பிரிவு, மின்னணுப் பதிவேட்டு மென்பொருள், 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் சார்ந்த வேலை என்று வழிகள் உண்டு. மத்திய அரசு வேலைக்கும் பட்டம் கை கொடுக்கும். எய்ம்ஸ் போன்ற இடங்களின் மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியன் அறிவிப்புகளில் பி.எஸ்சி. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், அல்லது பிளஸ் டூ அறிவியலுடன் பதிவேட்டுப் பயிற்சியும் அனுபவமும் கேட்டிருக்கிறார்கள். சிபிசியை அங்கே நீட்டிப் பயனில்லை.

ஏஐ வந்தால் கோடிங் போய்விடுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரி ஒரே அச்சில் வரும் சார்ட்டுகளை இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. சிக்கலான உள்நோயாளி சார்ட்டும், இயந்திரம் போட்டதைச் சரிபார்க்கும் ஆடிட்டும் மனிதர் கையில்தான் இருக்கின்றன. நேற்றுச் சேர்ந்தவரை அந்த ஆடிட்டில் உட்கார வைக்க மாட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. எம்ஆர்டியிலும் அலமாரிக்காரர் வேலை குறையும். யாருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று முடிவெடுக்கும் வேலை, 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கூடத்தான் செய்யும்.

அமெரிக்காவில் குடியேறப் போகிறவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இரண்டு வருடம் படித்தால் ஆர்ஹெச்ஐடி, நான்கு வருடப் பட்டம் என்றால் ஆர்ஹெச்ஐஏ தேர்வு எழுதலாம். இவற்றை நடத்தும் அமெரிக்க சுகாதாரத் தகவல் மேலாண்மைச் சங்கமான அஹிமா 1928-ல் "ரெக்கார்டு லைப்ரேரியன்கள்" சங்கமாகப் பிறந்தது. அந்தப் பழைய பெயர் எனக்கு இன்றைய பெயரைவிடப் பிடிக்கும். இங்கேயே இருந்து வேலை பார்க்க அவ்வளவு செலவு தேவையில்லை.

என் கட்சி இதுதான். பிளஸ் டூ பிள்ளைக்கு, பெரிய மருத்துவமனை உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தால் பட்டம். கடைசி வருடத்தில் சிபிசியையும் எழுதிவிடட்டும். பட்டக்காரர் கோடிங்குக்குப் போக நான்கு மாதம் போதும். கோடர் சம்பளத்தை விட்டுவிட்டு நான்கு வருடம் படிக்க வந்ததை நான் கண்டதில்லை. ஏற்கெனவே டிகிரி வாங்கி, வீட்டில் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் கோடிங். நர்சிங், பிசியோதெரபி படித்தவர்களுக்கு இன்னும் வசதி, சார்ட் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

போன வாரம் பேசிய விலங்கியல் பெண்ணிடம் பணம் கட்டும் முன் ஒன்று செய்யச் சொன்னேன். ஐசிடி-10-சிஎம் வழிகாட்டி விதிகள் இணையத்தில் இலவசம். இறக்கிப் பத்துப் பக்கம் படி, தூக்கம் வந்தால் கோடிங் வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் கூப்பிட்டாள். "அண்ணா, சர்க்கரை நோய், கிட்னி நோய் மூன்றாம் நிலைன்னு டாக்டர் தனித்தனியாத்தான் எழுதியிருக்கார். இதனாலதான் அதுன்னு அவர் எங்கேயும் சொல்லலை. அப்படியும் ரெண்டையும் சேர்த்து இ11.22 போடணும்னு வருதே, அது எப்படி?" வேறு காரணம் என்று டாக்டர் எழுதாத வரை அந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று விதியே எடுத்துக்கொள்கிறது; கூடவே என்18.30-உம் போட வேண்டும் என்றேன். "அதான் கேட்டேன், அந்த ரெண்டாவது கோடை நான் விட்டுட்டேன்" என்றாள். எந்தக் கம்பெனிகள் ஃப்ரெஷர் எடுக்கின்றன என்று அன்று இரவே அவளுக்கு ஒரு பட்டியல் அனுப்பினேன்.