வீதிப் பாதுகாப்புப் பாடங்களில் மலைக்கு எது உதவும்?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பேச்சு அடங்குவதற்குள் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், அதில் 15 பேர். அதற்கு முன்னால் 2021இல் பசறை, 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல என்று எங்களுக்கு இது புதுசும் இல்லை. எங்கள் அதிபர் கூப்பிட்டு, "டீச்சர், பிள்ளைகளுக்கு வீதிப் பாதுகாப்பு பற்றி ஏதாவது செய்யுங்க" என்றார். ஏதாவது என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே நேரத்தில்தான் நாற்பத்தொரு வயதில் நானும் லைசன்ஸ் எடுக்கிறேன் என்று கிளம்பியிருந்தேன். ஆக ஐந்தாறு மாதம் கையில் கிடைத்த புத்தகம், கையேடு, வகுப்பு எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாயிற்று. எல்லாவற்றிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: எங்கள் இறக்கத்தில், எங்கள் மூடுபனியில், எங்கள் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் இது வேலை செய்யுமா?

முதலில் லேர்னர்ஸ், அதாவது வண்டி ஓட்டப் பழக்குகிற பள்ளி. டவுனில் பேர் சொன்னால் எல்லாருக்கும் தெரியும் என்பதால் பேர் வேண்டாம். பயிற்சி முழுக்க பரீட்சைக்குத்தான். தட்டையான மைதானம், நாலு கம்பம், ரிவர்ஸ் எடுக்கிற ஒரு மூலை, கொஞ்சம் டவுன் வீதி. பத்து நாளும் ஒரு நீண்ட இறக்கத்துக்கு என்னைக் கூட்டிப் போகவேயில்லை, மலைநாட்டில் இருந்துகொண்டு! நானாகக் கேட்டதற்குப் பயிற்றுநர் தந்த ஒரே அறிவுரை, "இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுருங்க டீச்சர், பெற்றோல் மிச்சம்." இதை அவர் அன்பாகத்தான் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடித்து இழுக்கிற பிடி போய்விடும், மொத்த பாரமும் பிரேக்கின் தலையில். மிச்சம் என்பதும் பொய்க்கணக்கு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் போட்டபடி அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சினுக்குப் பெற்றோல் போவது நின்றுவிடும், நியூட்ரலில்தான் அது சும்மா ஓடுவதற்கும் குடிக்கும். லைசன்ஸ் வாங்க வேண்டுமென்றால் அந்த லேர்னர்ஸ் போதும். றம்பொடை இறக்கத்தில் இறங்க வேண்டுமென்றால் ஐந்துக்கு ஒரு ஸ்டார், அதுவும் அவர் பொறுமைக்காக.

எழுத்துப் பரீட்சைக்கு டவுன் புத்தகக்கடையில் விற்கிற வினா விடைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். வீதிச் சமிக்ஞைப் படங்கள் தெளிவாக, கலரில் இருக்கின்றன, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ்? முந்திச் செல்வதை ஒரு பக்கத்தில் "மேலெடுத்தல்" என்று போட்டிருக்கிறார்கள். அது விளங்காமல் நான் பக்கத்து வீட்டு ஆட்டோ தம்பியிடம் காட்ட, அவன் "லொறியில மூட்டை ஏத்துறதா இருக்கும் டீச்சர்" என்றான். இப்படி விளங்காமல் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணுகிறவர்கள்தான் அப்புறம் எங்களை ஏற்றிப் போகிறார்கள் என்று நினைத்தால் தூக்கம் வராது.

அப்புறம் எதிர்பாராமல் பிடித்துப்போனது பிரித்தானியாவின் ஹைவே கோட். 1931இல் ஒரு பென்னிக்கு விற்ற சின்னப் புத்தகம், இப்போது இணையத்தில் சும்மா படிக்கலாம். அவர்களும் நாமும் வீதியின் இடது பக்கம் ஓட்டுவதால் பெரும்பாலும் அப்படியே பொருந்துகிறது. இரண்டாவது விதியே நடப்பவருக்கு: நடைபாதை இல்லாத வீதியில் வலது பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நட. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வருவது இடது பக்கமாக, முதுகைக் காட்டிக்கொண்டு. 155ஆவது விதி ஒடுங்கிய வீதியில் மேலேறி வருகிற வண்டிக்கு இடம் விடு என்கிறது. இதை எங்கள் பழைய லொறி டிரைவர்கள் யாரும் புத்தகம் பார்க்காமலே செய்வார்கள், இன்றைய ஹை ஏஸ் வான் தம்பிகள் செய்யமாட்டார்கள். 160இல் ஒரு வரி, நீண்ட இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துக்கொள் என்று. ஆனால் பிரித்தானியாவுக்கு அந்த ஒரு வரி போதும், எங்களுக்கு அது ஒரு தனி அத்தியாயமாக இருக்க வேண்டும்.

ஏன் என்று தரம் 10 வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். உயரத்தால் ஒரு பொருளுக்கு வருகிற அழுத்த சக்தி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து ஏ5 வீதியில் கம்பளைப் பக்கம் இறங்குகிற 8 தொன் பஸ் ஒன்று 1,000 மீற்றர் கீழே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை உயரமும் எங்கேயாவது போக வேண்டுமே, எஞ்சின் பிடிக்காவிட்டால் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகத்தான் போகும். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 78 மெகாயூல். வகுப்பில் ஒரு பையன் அதைத் தண்ணீருக்கு மாற்றிப் போட்டான்: 20 பாகையில் இருக்கிற தண்ணீர் 230 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டு வருகிற சூடு. ஒரு பீப்பாய் தண்ணீர்! "அப்போ அந்த நாத்தம் அதுதானா டீச்சர்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். ஆமாம், பஸ் வளைவில் நின்று ஆளை இறக்கும்போது கருகிய கயிறு மாதிரி ஒரு வாடை வருமே, சில்லில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி கிளம்புமே, அதுதான். அதோடு வான், கார்களில் பிரேக் எண்ணெய் கொதிக்கிற ஆபத்து வேறு. டொட் 3 என்ற வகைப் புது பிரேக் எண்ணெய் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். இதை விளக்கும் ஒரு தமிழ்ச் சுவரொட்டி எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. ஹெல்மட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்ற படங்கள் மட்டும் நிறையக் கிடைத்தன. அவையும் வேண்டியவைதான்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிக்கைகள் பெரியவை, ஆங்கிலத்தில் கனமானவை, பிள்ளைகளிடம் கொண்டு போக முடியாது. ஆனால் ஆசிரியருக்கு, கிராம சேவகருக்கு, தோட்ட நிர்வாகத்தோடு பேசப் போகிறவருக்கு நல்ல ஆயுதம். 2023 அறிக்கையின்படி உலகத்தில் வருஷத்துக்கு 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் சாகிறார்கள், 5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே இதுதான். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் சாவு விபத்துக்கான ஆபத்து நூற்றுக்கு நான்கு கூடும் என்ற கணக்கும் அவர்களுடையதுதான். இந்த ஒரு வரியைத் தோட்டத்து லொறி டிரைவர் ஒருவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பத்து கூட்டினா நாப்பதா" என்றார். அவ்வளவு நேர்க்கோட்டில் போகாது, ஆனால் நான் திருத்தவில்லை.

எல்லாவற்றிலும் அதிகம் வேலை செய்தது ஐராப். வீதிகளை மதிப்பிடுகிற சர்வதேசத் தொண்டு நிறுவனம். சாப்பாட்டுக் கடைக்கு நாம் ஸ்டார் போடுகிற மாதிரி இவர்கள் வீதிக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஸ்டார் போடுகிறார்கள். இதில் கெட்டித்தனம் என்னவென்றால் ஒரே வீதிக்கு வாகனத்தில் போகிறவருக்கு ஒரு ஸ்டார் கணக்கு, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, நடப்பவருக்கு ஒன்று என்று தனித்தனியாக. டிரைவரைத் திட்டுவதோடு நிற்காமல், ஆள் தவறத்தான் செய்வான், தவறினாலும் சாகாதபடி வீதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சுவீடன் 1997இல் பாராளுமன்றத்தில் எடுத்த கொள்கையின் அடிப்படையும் இதேதான். பாடசாலைகளைச் சுற்றியுள்ள வீதிகளுக்கென்று ஐராப் தனிக் கருவியும் வைத்திருக்கிறது. அதையெல்லாம் முறையாகப் பயன்படுத்த எங்களுக்கு வசதி இல்லை. அதனால் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தரம் 8 பிள்ளைகளை அளவு நாடாவும் கொப்பியுமாக ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனேன்.

லயத்திலிருந்து பாடசாலை கேற் வரை 1.8 கிலோமீற்றர். முடக்கு 11. வீதியைக் கடக்கிற மஞ்சள் கோடு ஒன்று, அதுவும் பாதி அழிந்தது. நடைபாதை கிடையாது. பள்ளத்துப் பக்கம் தடுப்பு மூன்று இடத்தில், அதில் ஒன்று ஏற்கனவே வண்டி மோதி வளைந்து கிடக்கிறது. வாகனத்தில் போகிறவருக்கு இரண்டு ஸ்டார், நடக்கிறவருக்கு ஒன்று என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். ஒரு சின்னவள் மட்டும் விடாமல் வாதாடினாள், மதகுச் சுவரில் ஏறி நின்றால் லொறி வந்தாலும் ஒன்றும் செய்யாது, அதற்கு அரை ஸ்டார் தர வேண்டுமாம். கொடுத்தோம். அந்தத் தாளை அதிபர் பிரதேச சபைக்கு அனுப்பியிருக்கிறார், பார்ப்போம்.

ஒரு முதலுதவி வகுப்புக்கும் போனேன். செஞ்சிலுவைச் சங்கம், சென். ஜோன் அம்பியுலன்ஸ் எல்லாம் இந்த நாட்டில் வெகு காலமாக இந்த வகுப்புகளை நடத்துகிறவர்கள். நான் போனது யாருடையது என்று எழுதவில்லை, ஏனென்றால் ஒரு குறை சொல்ல வேண்டும். வகுப்பு முழுக்க சிங்களத்தில், தமிழ் பேசுகிற 14 பேருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்கூட இல்லை, என் சக ஆசிரியைதான் தேநீர் இடைவேளையில் சொல்லித் தந்தாள். ஆனால் சொல்லிக் கொடுத்த விஷயம் தங்கம். அடிபட்டவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் திணிக்கக் கூடாது, அது நாங்கள் எல்லாரும் காலம் காலமாகச் செய்வது. இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், எட்டிப் பார்க்க எடுக்கக் கூடாது. நினைவில்லாமல் மூச்சு விடுகிறவரைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கவே கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். "அந்த முடக்குல சிக்னல் இல்லையே சேர்" என்று நான் கேட்டதற்கு வகுப்பு எடுத்தவர் சிரிக்கவில்லை, ஐந்து பேர் சேர்ந்து தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஆளைப் பலகையில் உருட்டி ஏற்றுவதை அரை மணி நேரம் எங்களைக் கொண்டே செய்ய வைத்தார். பலகைக்கு ஒரு பழைய கதவு. அந்த அரை மணி நேரத்துக்காகவே நான்கு ஸ்டார், தமிழில் இருந்திருந்தால் ஐந்தும்தான்.

வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்குத் தெரியாது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க அவர்களிடம் வழி இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டையும் ஆஸ்பத்திரித் துண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நவம்பர் மூன்றாவது ஞாயிறு வீதி விபத்தில் இறந்தவர்களின் நினைவு தினம். ரோட்பீஸ் என்ற பிரித்தானிய அமைப்பு 1993இல் தொடங்கியதை 2005இல் ஐ.நா. ஏற்றுக்கொண்டது. அடுத்த நாள் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நாங்களும் ஒரு நிமிஷம் நின்றோம். அன்றைக்குப் பார்த்து நல்ல மூடுபனி, மேடையிலிருந்து பார்க்கும்போது கடைசி இரண்டு வரிசைப் பிள்ளைகளைக் காணவேயில்லை. வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பனி. இது எந்தக் கையேட்டிலும் நான் படிக்காத பாடம்.

அந்த வாரமே டவுன் ஹாட்வெயார் கடையில் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற டேப் வாங்கினேன். பைக்கு இரண்டு துண்டு, முதுகுப் பக்கம் ஒன்று, தோள் பட்டியில் ஒன்று, வலப்பக்கமாக நடந்தால் எதிரே வருகிற டிரைவருக்குப் பட்டியில் இருப்பதுதான் தெரியும். துண்டு 25 சென்ரிமீற்றர் என்றால் ஒரு மீற்றரில் இரண்டு பை. ஒட்டுகிற வகையை வாங்காதீர்கள், இரண்டு மழைக்குக் கழன்றுவிடுகிறது, தைக்கிற வகைதான் நிற்கும். இதுவரை 63 பை முடிந்திருக்கிறது, இன்னும் 40 இருக்கிறது, என் மெஷினில் ஊசி ஒடிந்தது மூன்று.