கான்வாவில் 13 பொம்மைகள்: ஒரு வரலாற்று டீச்சரின் அனுபவம்

ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 11க்கு வரலாறு எடுக்கிறேன். மூன்று தவணையாக, பக்கம் வடிவமைக்கும் கான்வா செயலியைப் பாவிக்கிறேன். ஆசிரியர் என்று உறுதிப்படுத்தினால் கல்விக் கணக்கு இலவசம், நாம் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் காசில்லை. தமிழ் எழுத்துரு ஒழுங்காக விழுகிறது. முன்பு வேறொரு செயலியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கிடந்து பாடுபட்டிருக்கிறேன்.

முதல் பாடவேளை வீண்தான். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னால், ரோஸ் கலரும் பூவுமாகக் கலியாணக் கார்டு மாதிரி வந்தது.

அடுத்த கிழமை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்தச் சட்டத்தால் நாடற்றுப்போன இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொள்ளப் போட்ட ஒப்பந்தம் அது. டெம்ப்ளேட்டைத் தொடக் கூடாது, வெறும் பக்கமும் மனித உருவங்களும் மட்டும் என்றேன். 1964 கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம்: இந்தியாவுக்கு 525,000 பேர், இங்கே 300,000 பேர், முடிவாகாமல் 150,000 பேர். பின்வாங்கில் இருக்கும் ஒருத்தி, ஒரு பொம்மைக்கு 75,000 பேர் என்று எடுத்தாள். இடப்பக்கம் 7, வலப்பக்கம் 4, நடுவில் 2. மிச்சமில்லாமல் பொருந்திவிட்டது. எனக்கே அதுவரை தெரியாது.

"டீச்சர், நடுவுல நிக்கிற ரெண்டு பேரும் எந்தப் பக்கம் பாக்கணும்?"

20 வருஷமாகப் படிப்பிக்கிறேன், இப்படி ஒரு கேள்வி வகுப்பில் வந்ததில்லை. 1974 ஒப்பந்தத்தில் அந்த மிச்சப் பேரை இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதற்கு இன்னொரு பக்கம் திறந்து, நடுவில் நின்ற ஒன்றை அந்தப் பக்கமும் மற்றதை இந்தப் பக்கமும் இழுத்து வைத்தாள். 1964 பக்கத்துக்கும் 1974 பக்கத்துக்கும் இடையில் ஒரு வெறும் பக்கம் கிடந்தது. மறந்துபோய் விட்டிருக்கிறாள் என்று அழிக்கப் போனேன்.

"வேணாம் டீச்சர், அது பத்து வருஷம்."

சரி, பாவிக்கப் போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம். நாலு பேருக்கு ஒரு போன் போதும், வாக்குவாதம் நடக்கட்டும். டேட்டா என் போனிலிருந்துதான் போகிறது. மழை இருட்டினால் சிக்னல் இல்லை, அதனால் கொப்பியில் பென்சிலால் வரைந்த பிறகுதான் போனைக் கையில் கொடுப்பேன். கலருக்கு அலைகிற நேரமும் அதில் மிச்சம்.

பக்கங்களை இறக்கி டவுனில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்த வெறும் பக்கத்துக்கும் கடைத் தம்பி காசு வாங்கிக்கொண்டான்.